அம்மாவின் கை வீக்கத்துக்கு நிணநீர் மசாஜ்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வயது 58. இரண்டு வருடத்துக்கு முன் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று அறுவை சிகிச்சை நடந்தது. அக்குளில் இருந்து 17 நிணநீர் முடிச்சுகள் எடுத்ததாக ரிப்போர்ட்டில் இருக்கிறது. பிறகு கீமோ, அப்புறம் 25 நாள் ரேடியேஷன். எல்லாம் முடிந்து நன்றாகத்தான் இருந்தார், மாடிக்கு ஏறி வடாம் காயப்போடும் அளவுக்குத் தேறிவிட்டார்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பட்டுப் பிளவுசை எடுத்துப் போட்டால் வலது கை ஏறுகிறது, இடது கை பாதியில் நின்றுவிட்டது. டெய்லர் கெடுத்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே வேறு பிளவுஸ் போட்டுக்கொண்டார். அது அதற்கு முன் நான்கு கல்யாணத்துக்குப் போட்ட பிளவுஸ் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அன்றைக்குத் தோன்றவில்லை. பிறகு தீபாவளிக்கு வளையல் போட்டபோது இடது கையில் சோப்புத் தடவியும் இறங்கவில்லை, அப்போதுதான் இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இன்ச் டேப்பில் முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வலது கை 27 செ.மீ., இடது கை 30.5. சாயங்காலம் ஆனால் கை கனக்கிறது, விரலால் அமுக்கினால் குழி விழுந்து மெதுவாகத்தான் மேலே வருகிறது, காலையில் எழும்போது கொஞ்சம் வடிந்திருக்கிறது. வலி என்று சொல்ல முடியாது, "ஈரத்துணி சுற்றின மாதிரி இருக்கு" என்கிறார்.

செக்கப்பில் டாக்டரிடம் காட்டினோம். தொட்டுப் பார்த்தார், ஒரு ஸ்கேன் எழுதினார், ரத்தக்கட்டு எதுவும் இல்லை, நோயும் திரும்பவில்லை, இது லிம்ஃபெடிமா, அதாவது நிணநீர் தேங்கி வருகிற வீக்கம், பிசியோவைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பிசியோ பெண் 15 நாள் தொடர்ந்து வரவேண்டும், மசாஜ் செய்து கட்டுப் போடுவேன், கடைசியில் ஸ்லீவுக்கு (கையை இறுக்கிப் பிடிக்கிற உறை) அளவெடுப்பேன் என்றார். மாதிரிக்கு ஐந்து நிமிடம் செய்தும் காட்டினார். அங்கேதான் பிரச்சினை. அவர் செய்தது மசாஜ் மாதிரியே இல்லை, கழுத்தில் இரண்டு விரலை வைத்து ஏதோ தடவிக்கொண்டிருந்தார், வீங்கின கைக்கு வரவே இல்லை. வெளியே வந்ததும் அம்மா, "பூனையைத் தடவுற மாதிரி தடவுறதுக்குப் பதினஞ்சு நாள் காசு கட்டணுமா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

பெரியம்மா ஊரில் சுளுக்கு வழிக்கிற ஒரு பாட்டி இருக்கிறார், எண்ணெய் போட்டு நன்றாக உருவிவிட்டால் நீர் இறங்கிவிடும் என்று பெரியம்மா போனிலேயே சத்தியம் செய்கிறார். அம்மாவுக்கும் அதில்தான் நம்பிக்கை. எனக்கு இரண்டு பக்கமும் தெரியவில்லை. இந்த மெல்லிய மசாஜில் உண்மையில் ஏதாவது இருக்கிறதா? செய்துகொண்டவர்கள் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

முருங்கைப்பூ

தங்கச்சி, முதலில் அந்தப் பாட்டியிடம் கூட்டிப்போகாதே. மற்றதை அப்புறம் பேசலாம்.

எனக்கு இதே அறுவை சிகிச்சை நடந்து ஆறு வருடம் ஆகிறது, வலது பக்கம். வீக்கம் வந்தது எட்டாவது மாதத்தில். உன் அம்மாவுக்கு பிளவுஸ், எனக்கு மோதிரம். விரலில் பதிந்துபோய் நகைக்கடையில் வெட்டி எடுத்தார்கள். ஆரம்பத்தில் ஒருவர் நீர் இறங்க மாத்திரை எழுதிக்கொடுத்தார், நாள் முழுக்க பாத்ரூமுக்கு ஓடினதுதான் மிச்சம், கை அப்படியே இருந்தது. வேறு காரணத்தால் வரும் கால் வீக்கத்துக்குக் கேட்கிற அந்த மாத்திரை இதற்குக் கேட்காது என்று பின்னாடிதான் தெரிந்தது, இதில் தேங்குவது வெறும் தண்ணீர் இல்லையாம், புரதம் கலந்த நீராம், மாத்திரை தண்ணீரை இழுத்தாலும் புரதம் அங்கேயே உட்கார்ந்துகொண்டு மறுபடி நீரைச் சேர்த்துக்கொள்ளுமாம்.

பூனைத் தடவல் என்று உன் அம்மா சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். முதல் நாள் எனக்கும் அதே எண்ணம்தான். நான் கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன், அந்த அம்மா கழுத்து, இடது அக்குள், வயிறு, இடுப்பு என்று சுற்றுகிறார். வேறு யாரோ ஒருத்தருடைய சீட்டைப் பார்த்துக்கொண்டு செய்கிறாரோ என்றுகூட நினைத்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் கைக்கே வந்தார். எழுந்ததும் கை லேசாக இருந்தது, உடனே பாத்ரூம் வந்தது, தூக்கம் தூக்கமாக வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் அன்றைக்கு மசாஜுக்கு அப்புறம் போட்ட கட்டுதான் வேலையைச் செய்தது. விரலில் இருந்து தோள் வரை பஞ்சு, அதன்மேல் கட்டு, அதன்மேல் இன்னொரு கட்டு. குத்துச்சண்டைக்காரர் மாதிரி இருந்தேன். மூன்று வாரம் இடது கையால்தான் தோசை திருப்பினேன், ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. சித்திரை வெயிலில் உள்ளே அரிக்கும்போது கட்டைப் பிய்த்துப் போட்டுவிடலாம் என்று தோன்றும். மேல்கை 36 இல் இருந்து 32.5க்கு இறங்கியது.

அதன்பிறகு ஸ்லீவ். காலையில் பல் தேய்ப்பது போல அதையும் மாட்டிக்கொள்வேன், ராத்திரி கழற்றிவிட்டு பதினைந்து நிமிடம் நானே தடவிக்கொள்வேன். நடுவில் ஒரு தடவை, நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு மாதம் ஸ்லீவை அலமாரியில் வைத்தேன், பழையபடி 35. இது தீர்ந்துபோகிற வியாதி இல்லை, இதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல். 15 நாளில் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனால் அவர் ஏமாந்துபோவார்.

பிசியோ திருச்சி

நான் இதே வேலை செய்கிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். உங்கள் டாக்டர் முதலில் ஸ்கேன் எழுதியது சரியான வழி. அறுவைக்குப் பிறகு கை வீங்கினால் நேராக மசாஜுக்கு ஓடக்கூடாது, ரத்தக் குழாய்க்குள் ரத்தக்கட்டு இருக்கிறதா, நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். அது உங்களுக்கு முடிந்துவிட்டது.

இப்போது அந்தப் பூனைத் தடவல். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டிவிட்டது என்போம் இல்லையா, அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. உடம்பு முழுக்க 600க்கு மேல் இருக்கின்றன, அக்குளில் மட்டும் ஆளுக்கு ஆள் மாறி 20, 30 இருக்கும். ரத்தக் குழாயில் இருந்து திசுக்களுக்குள் கசிகிற நீரில் ரத்தத்துக்குத் திரும்பாத மிச்சத்தை, புரதத்தோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போவது நிணநீர்க் குழாய்கள். கையில் இருந்து வரும் அத்தனை குழாயும் அக்குள் வழியாகப் போய்த்தான் காறை எலும்புக்குப் பின்னால் இருக்கிற பெரிய சிரையில் கலக்கவேண்டும். அம்மாவுக்கு அந்த வழியில் 17 முடிச்சை எடுத்துவிட்டார்கள், மிச்சம் இருக்கிற இடம் ரேடியேஷனில் தழும்பாகி இறுகியிருக்கும். நீர் எங்கே போகும்?

தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் மழைநீர் நின்றால் யாராவது நடுவயலில் நின்றுகொண்டு தண்ணீரைத் தள்ளுவார்களா? முதலில் வடிகால் வாயைப் போய்த் திறப்பார்கள். அதனால்தான் நாங்கள் கழுத்தில் தொடங்குகிறோம், அங்கேதான் வடிகால் வாய். அடுத்தது எதிர்ப்பக்கத்து அக்குள், அங்கே முடிச்சுகள் முழுசாக இருக்கின்றன. அப்புறம் அதே பக்கத்துத் தொடை இடுக்கு. பிறகு மார்பின் குறுக்கே இடமிருந்து வலமாகவும், விலாப் பக்கமாக மேலிருந்து கீழாகவும் தோலை நகர்த்தி, அடைபட்ட அக்குளைச் சுற்றிக்கொண்டு போக ஒரு மாற்றுப் பாதையைப் பழக்குகிறோம். இவ்வளவும் ஆன பிறகுதான் மேல்கை, அது காலியான பின் முழங்கை, முன்கை, விரல். கையை மட்டும் விரலில் இருந்து தோள்வரை உருவினால் நீர் மூடின கதவில் போய் முட்டும்.

ஏன் அழுத்தக்கூடாது என்பதற்கு வருகிறேன். நிணநீரை உறிஞ்சிக்கொள்ளும் முதல் குழாய்கள் தோலுக்கு அடியிலேயே இருக்கின்றன, சுவர் ஒரே ஒரு செல் தடிமன். அவற்றைச் சுற்றி மெல்லிய நார்கள் தோல் திசுவோடு கட்டிவைத்த மாதிரி இருக்கும். தோலை லேசாக இழுத்தால் நார் இழுபட்டு குழாயின் வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். இழு, விடு, அவ்வளவுதான் இந்த மசாஜ். பலமாக அமுக்கினால் குழாய் நசுங்கி மூடிவிடும், போதாததற்கு தோல் சிவந்து ரத்த ஓட்டம் கூடி இன்னும் அதிக நீர் கசியும். செய்து முடித்தபின் தோல் சிவந்திருந்தால் அது தப்பாகச் செய்த மசாஜ். எண்ணெயும் போடுவதில்லை, எண்ணெய் போட்டால் விரல் வழுக்கும், தோல் நகராது. மெதுவாகவும் செய்யவேண்டும், ஏனென்றால் ஆழத்தில் இருக்கிற நிணநீர்க் குழாய்கள் தாமாகச் சுருங்குவதே நிமிடத்துக்கு 6 முதல் 10 தடவைதான், நாம் அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

முருங்கைப்பூ அக்கா சொன்னது சரி, மசாஜ் இதில் நான்கில் ஒரு பங்கு. கட்டு அல்லது ஸ்லீவ், தோல் பராமரிப்பு, உடற்பயிற்சி மற்ற மூன்று. கட்டு என்றால் மெடிக்கலில் கிடைக்கிற சாதாரண கிரேப் பேண்டேஜ் இல்லை. அது நன்றாக இழுபடும், சும்மா இருக்கும்போதும் இறுக்கும், தசை வேலை செய்யும்போது விட்டுக்கொடுத்துவிடும். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர், அதிகம் இழுபடாத கட்டு. அதைக் கட்டிக்கொண்டு கையை ஆட்டினால் தசை உள்ளே இருந்து தள்ளும், கட்டு வெளியே இருந்து மறிக்கும், நடுவில் மாட்டிக்கொண்ட நீர் மேலே ஏறும். அதனால் கட்டுப் போட்டபின் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிடாமல் வழக்கம்போல வேலை செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று முக்கியம். அந்தக் கையில் திடீரென்று சிவப்பு, சூடு, கூடவே குளிர்காய்ச்சல் வந்தால் மசாஜ், கட்டு, ஸ்லீவ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். அது தோலுக்கு அடியில் கிருமித் தொற்று, ஆன்டிபயாடிக் வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. இதயம் சரியாக இயங்காதவர்களுக்கும் புதிதாக ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் இந்த மசாஜ் கூடாது.

சும்மா கேட்கிறேன்

நான் எதற்கும் ஆதாரம் கேட்கிற ஆள், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மசாஜ் பேரைச் சொல்லி இப்போது என்னென்னவோ விற்கிறார்கள். ரீல்ஸைத் திறந்தால் முகத்தில் ஒரு கல்லை வைத்துத் தேய்த்து நிணநீரை வடித்தால் தாடை கூர்மையாகும் என்கிறார்கள், பியூட்டி பார்லரில் உடம்பு நச்சை இறக்குகிறோம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள், எடை குறையும் என்றுகூட ஒரு இடத்தில் பார்த்தேன். எந்த நச்சு, அதற்குப் பேர் என்ன என்று கேட்டால் பதில் இல்லை.

இது எங்கிருந்து வந்தது என்று தேடினேன். எமில் வோடர் என்று டென்மார்க்காரர், மனைவி எஸ்ட்ரிட், இருவரும் 1930களில் பிரான்சில் கான் நகரத்தில் மசாஜ் செய்துகொண்டிருந்தார்கள். ஓயாத சளியோடு வந்தவர்களின் கழுத்தில் வீங்கின முடிச்சுகளை மெல்லத் தடவிப் பார்த்ததில் தொடங்கியதாம், 1936இல் பாரிசில் முறையாக அறிவித்திருக்கிறார்கள். அதாவது தொடக்கத்தில் இது புற்றுநோய் வீக்கத்துக்கான வைத்தியமே இல்லை. பின்னால் ஜெர்மனியில் ஃபோல்டி தம்பதியர்தான் கட்டு, பயிற்சி, தோல் பராமரிப்பு எல்லாவற்றோடும் சேர்த்து முழுச் சிகிச்சையாக ஆக்கினார்கள்.

சரி, வேலை செய்கிறதா? மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு வரும் கை வீக்கத்தைப் பற்றி 2015இல் ஒரு காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசுவது) வந்திருக்கிறது. அதன்படி கட்டு மட்டும் போட்டவர்களுக்கே வீக்கம் 30 முதல் 38.6 சதவீதம் வரை குறைந்தது, கூடவே இந்த மசாஜையும் செய்ததில் மேற்கொண்டு குறைந்தது சுமார் 7 சதவீதம். ஆக உங்கள் பிசியோ முக்கால் மணி நேரம் தடவுவதற்கு வாங்குகிற காசுக்கு 7 சதவீதம். தீங்கு இல்லை என்பது வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

பிசியோ திருச்சி

@சும்மா கேட்கிறேன், கோபம் எதுவும் இல்லை, நீங்கள் சொன்ன கணக்கு சரிதான். அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருக்கிறது, வீக்கம் மிகவும் முற்றினவர்களைவிட ஆரம்ப, நடுத்தர நிலையில் இருக்கிறவர்களுக்குத்தான் மசாஜால் கூடுதல் பலன். இவர் அம்மா அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார், அமுக்கினால் குழி விழுகிறது, காலையில் வடிகிறது என்கிறார். இதை இப்படியே விட்டால் புரதம் தேங்கித் தேங்கி நாரும் கொழுப்பும் சேர்ந்து கை கெட்டியாகிவிடும், அப்போது அமுக்கினால் குழியே விழாது, எந்த மசாஜும் பழைய அளவுக்குக் கொண்டுவராது.

என்னிடம் வருகிறவர்களில் கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு நான் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கட்டுக்கும் ஸ்லீவுக்கும் செலவு செய்யுங்கள், மசாஜை இரண்டு மூன்று நாள் வந்து கற்றுக்கொண்டு வீட்டில் செய்யுங்கள். சக தொழில்காரர்கள் என்னைத் திட்டலாம். பியூட்டி பார்லர் விஷயத்தில் நான் உங்கள் கட்சி.

குடந்தைக்காரன்

மார்பகப் புற்றுநோய் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் நிணநீர் வீக்கத்தோடு முப்பது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தவன். என் அப்பாவுக்கு யானைக்கால். கும்பகோணத்தில் எங்கள் தெருவில் மட்டும் ஒரு காலத்தில் நாலைந்து பேருக்கு இருந்தது, சாக்கடையில் வளர்கிற க்யூலெக்ஸ் கொசு கடித்து உள்ளே போகிற புழு நிணநீர்க் குழாய்க்குள்ளேயே குடியிருந்து அதைக் கெடுத்துவிடும். அரசாங்கம் வருடா வருடம் வீட்டுக்கு வந்து கொடுத்த டிஇசி மாத்திரை புழுவைப் பார்த்துக்கொண்டது, ஆனால் ஏற்கெனவே வீங்கின கால் வீங்கினதுதான். வேட்டியை எப்போதும் தழையத் தழையக் கட்டிக்கொண்டு, செருப்புக் கடைக்குப் போகவே மாட்டார்.

அவரை அடிக்கடி படுக்கையில் தள்ளியது வீக்கம் இல்லை, காய்ச்சல். தொடை இடுக்கில் நெறி கட்டும், கால் நெருப்பாகக் கொதிக்கும், பல் கிட்டிக்கும் அளவுக்குக் குளிரும். வருடத்துக்கு நான்கைந்து தடவை. ஒவ்வொரு தடவை வந்துபோனதும் கால் முன்னைவிட ஒரு சுற்றுப் பருத்திருக்கும். பிற்பாடு ஒரு முகாமில் நர்ஸ் அம்மா ஒருவர்தான் கால்விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்து, இங்கே சேற்றுப்புண் இருக்கிறதே, இதன் வழியாகத்தான் கிருமி போகிறது என்றார். காலையும் மாலையும் சாதா சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கை மெல்லிய துணியால் ஒத்தி ஒத்தி ஈரம் இல்லாமல் துடைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, படுக்கும்போது கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினோம். அதற்கப்புறம் காய்ச்சல் வருவது வருடத்துக்கு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. இதற்கு எந்த மசாஜும் தேவைப்படவில்லை, சோப்புதான். அதனால் சொல்கிறேன், அம்மாவின் கையில் சின்னக் கீறல், சுட்ட காயம், கொசுக்கடி, நகச்சுத்தி எதையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

கேரளத்தில் காசர்கோட்டில் இந்த வீக்கத்துக்கென்றே ஒரு தோல் மருத்துவ நிலையம் இருக்கிறது, ஆயுர்வேதம், யோகாசனம், கட்டு எல்லாம் கலந்து செய்கிறார்கள். யானைக்கால்காரர்கள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள். அப்பாவை அழைத்துப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம், போகவில்லை.

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. ஒரு விஷயத்தை முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன், வெட்கமாக இருந்தது. அந்தப் பாட்டியிடம் ஏற்கெனவே ஒரு தடவை போய்விட்டோம். நான் கேள்வி எழுதியதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மா வீட்டில். நல்லெண்ணெயைச் சுடவைத்து விரல் நுனியில் இருந்து தோள்வரை அரை மணி நேரம் உருவினார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார், வலித்தால்தான் வேலை செய்கிறது என்பது அவர் கணக்கு. கை செக்கச்செவேல் என்று இருந்தது. திங்கள்கிழமை அளந்தால் 31.5. அந்தப் பாட்டி மேல் தப்பு சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்த சுளுக்கை அவர் நன்றாகத்தான் எடுக்கிறார், இது சுளுக்கு இல்லை என்று எங்களுக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்.

பிசியோ சார் எழுதின வடிகால் விஷயத்தை அப்படியே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தாத்தா வீட்டில் வயல் இருந்தது என்பதால் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே அந்தப் பொண்ணு" என்றார். இந்தத் திங்களில் இருந்து சிட்டிங் தொடங்குகிறோம்.

மூன்று கேள்வி. வீட்டில் நான் எப்படிச் செய்துவிடுவது? ஸ்லீவை ஆன்லைனில் எஸ், எம், எல் என்று போட்டு விற்கிறார்களே, அது போதுமா? கனமான எதையும் தூக்கவே கூடாது என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள், அம்மாவோ சும்மா உட்காரமாட்டார்.

பிசியோ திருச்சி

ஒரு தடவை அப்படி ஆனதற்காக வருத்தப்படாதீர்கள், சிவப்பு போய்விட்டது, காய்ச்சல் இல்லை என்றால் பரவாயில்லை.

வீட்டில் செய்வதை உங்கள் பிசியோவிடம் கண்முன்னால் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள், இதை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அம்மா வயிறு உப்பும்படி ஐந்து தடவை ஆழமாக மூச்சு விடட்டும், நெஞ்சுக்குள் போகிற பெரிய நிணநீர்க் குழாயை அது பிழிந்து விடும். பிறகு காறை எலும்புக்கு மேலே இருக்கிற குழியில் விரல்களைத் தட்டையாக வைத்து, கண் இமையைத் தொடுகிற அளவு பலத்தில், தோலை மட்டும் அரைவட்டமாக நகர்த்தி விடுங்கள், பத்துத் தடவை. விரல் தோலின்மேல் தேய்க்கக்கூடாது, தோல் விரலோடு போகவேண்டும். அடுத்து வலது அக்குளில் பத்து, இடது தொடை இடுக்கில் பத்து. பிறகு இடது மார்பில் இருந்து வலது அக்குள் நோக்கி, இடது அக்குளுக்குக் கீழே விலாவில் இருந்து இடுப்பு நோக்கி. கடைசியாகக் கை, தோளுக்குப் பக்கத்தில் தொடங்கி கீழே கீழே இறங்கிப் போங்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் தள்ளும் திசை மேல்நோக்கித்தான். ரேடியேஷன் கொடுத்த இடத்தில் தோல் மெலிந்தோ புண்ணாகவோ இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

ஸ்லீவை இப்போது வாங்காதீர்கள். வீங்கின கைக்கு அளவெடுத்தால் இரண்டு வாரத்தில் தொளதொளவென்று ஆகிவிடும், காசு வீண். கட்டுப் போட்டு கை நன்றாக வடிந்தபின், காலையில், கை மிகச் சிறுத்து இருக்கிற நேரத்தில் மணிக்கட்டு, முன்கை, முழங்கை, மேல்கை என்று பல இடத்தில் அளவெடுக்கவேண்டும். புறங்கையும் வீங்கினால் கையுறையும் சேர்த்துப் போடவேண்டும், இல்லையென்றால் நீரெல்லாம் விரலுக்கு இறங்கி உப்பிக்கொள்ளும். இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள், ஆறு மாதத்தில் இழுவை போய்விடும்.

கனம் தூக்கக்கூடாது என்பது பழைய கதை. 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில் இதே வீக்கம் இருந்த 141 பெண்களில் பாதிப் பேரைப் படிப்படியாக எடை தூக்கவைத்தார்கள். வீக்கம் அதிகமாகவில்லை, சொல்லப்போனால் எடை தூக்கினவர்களுக்குத்தான் திடீர் மோசமாவது குறைவாக இருந்தது. ஸ்லீவ் போட்டுக்கொண்டு, அரைக் கிலோவில் தொடங்கி, மெதுவாகக் கூட்டலாம். ஒரேயடியாக தண்ணீர்க் குடத்தைத் தூக்காமல் இருந்தால் சரி. பிரஷர் பார்ப்பது, ஊசி போடுவது இரண்டையும் இடது கையில் வேண்டாம் என்று பல இடத்தில் இன்னும் சொல்கிறார்கள். அண்மை ஆய்வுகளைப் பார்த்தால் அவ்வளவு பயப்படவேண்டியதில்லை, இருந்தாலும் வலது கை சும்மாதானே இருக்கிறது, அதை நீட்டிவிட்டுப் போங்கள்.

முருங்கைப்பூ

தங்கச்சி, பிளவுஸ் கதைக்கு ஒரு வழி சொல்கிறேன். டெய்லரிடம் இரண்டு கையையும் தனித்தனியாக அளக்கச் சொல், இடது கைக்கு உள்தையலில் ஒன்றரை இன்ச் துணி விட்டுத் தைக்கச் சொல், ஸ்லீவ் அடியில் போனாலும் பிடிக்காது. கையின் விளிம்பில் இறுக்கமான பட்டி வைக்கவேண்டாம். உள்ளாடைப் பட்டையும் தோளில் வெட்டுகிற மாதிரி மெல்லியதாக வேண்டாம், அகலப் பட்டை வாங்கு. எனக்கு டெய்லர் அக்கா ஒருத்தர் பழைய பட்டுப் பிளவுஸ் ஆறையும் அக்குளில் ஒரு துண்டு வைத்து ஒட்டிக் கொடுத்தார், வெளியே தெரியவே தெரியாது.

அப்புறம் காய் நறுக்கும்போது, செடி வைக்கும்போது உறை போடச் சொல். என் பேச்சை என் அம்மாவே கேட்டதில்லை, உன் அம்மா கேட்பாரா பார்.

வைகைக்கரை

ஒன்பது சிட்டிங் முடிந்தது, அதற்குள் எழுதலாம் என்று வந்தேன். முழங்கைக்கு மேலே இன்று காலை 28.4. அம்மா இப்போது பூனைத் தடவல் நேரம் ஆச்சு என்று அவரே வந்து படுத்துக்கொள்கிறார், பாதியில் குறட்டையும் விடுகிறார். கட்டைத்தான் வெறுக்கிறார். நேற்று ராத்திரி பென்சிலை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

பெரியம்மா பார்க்க வந்திருந்தார். கட்டைப் பார்த்துவிட்டு முறிவு என்றே நினைத்துவிட்டார். அம்மா அவருக்கு வயல், வடிகால் வாய் என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார், இடையில் பெரியம்மாவின் கழுத்திலேயே விரல் வைத்துச் செய்தும் காட்டினார்.

ஒரே ஒரு சந்தேகம், கட்டுத் துணியை எப்படித் துவைப்பது? இரண்டு செட்தான் இருக்கிறது, பிசுக்கு வேறு.

முருங்கைப்பூ

பென்சிலைப் பிடுங்கி வை, கீறல் விழுந்தால் குடந்தைக்காரன் சொன்ன காய்ச்சல்தான்.

வெதுவெதுப்பான தண்ணீரில் சாதா சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து அலசு, கம்ஃபோர்ட் மாதிரி எதுவும் ஊற்றாதே, முறுக்கிப் பிழியாதே. டவலில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு நிழலில் விரித்துப் போடு. கொடியில் தொங்கவிட்டால் ஈர கனத்துக்கே நீண்டுவிடும். காய்ந்ததும் உடனே சுருட்டி வை, ராத்திரி பத்து மணிக்கு எட்டு மீட்டர் துணியைச் சுருட்டுவது எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத் தெரியும்.